பாதி வெட்டத் தெரியாது

ஞாயிற்றுக்கிழமை என்றால் ராஜாராமின் சலூனில் பொழுது விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில், வேலம்பாக்கம் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது அந்தக் கடை. ஒரு சுழல் நாற்காலி, எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி, சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு, ஆணியில் தொங்கும் டிரான்சிஸ்டர். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. யார் வீட்டு மாடு சினை என்பதில் தொடங்கி டில்லி அரசியல் வரைக்கும் அந்தப் பெஞ்சில் அலசி முடித்துவிடுவார்கள்.

அன்றைக்கு ராஜாராம் ஒருவருக்கு ஒரு கன்னத்தை மழித்துவிட்டு மறு கன்னத்துக்குச் சோப்பு தடவிக்கொண்டிருந்தார். வாசலில் ஏசுதாஸ் வந்து நின்றார். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. காலை ஜெபம் முடிந்து நேராக வந்திருந்தார்.

"வணக்கம் அண்ணாத்த. முடி வெட்டிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வீட்டில் வேலை ஞாபகம் வந்தது. இன்னொருவர் வெற்றிலை துப்பப் போனவர் திரும்பவே இல்லை. நாற்காலியில் இருந்தவர் மட்டும் அரைக் கன்னத்துச் சோப்போடு எங்கே போவார்? அவரும் முடிந்ததும் ஓட்டமாக ஓடினார்.

ஏசுதாஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியைச் சேர்ந்தவர். அப்பனும் ஆத்தாளும் ஊர்ப் பண்ணையார் பூவராகவன் நிலத்தில் கூலிக்கு உழைத்து ஓய்ந்தவர்கள். இவர் கல்பாக்கத்தில் கட்டட மேஸ்திரி. விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் வைத்து, நடவு நட்ட பெண்களை வரப்பில் உட்காரவைத்து நியாயமான கூலி வாங்கிக் கொடுத்தவர். பள்ளிக்கூடத்தில் தரையில் தனியாக உட்காரவைக்கப்பட்ட காலனிப் பிள்ளைகளைப் பலகையில் ஏற்றி உட்காரவைத்தவரும் அவரே. இப்போது சலூனுக்கு வந்திருக்கிறார். காலனிக்காரர்களுக்கு இந்தக் கடையில் கத்தரி வைப்பதில்லை என்பது ராஜாராமின் அப்பா காலத்திலிருந்தே ஊர் போட்ட கட்டுப்பாடு.

கடை காலியானதும் ராஜாராம் கிட்டே வந்து குனிந்து, "தம்பி, உனக்குத் தெரியாததா? இந்த எடம் பூவராகவன் ஐயாவோடது. உன் தலையில கத்திரிய வச்சா நாளைக்குக் கடையே இருக்காது. செங்கல்பட்டுல போயி வெட்டிக்கினா இன்னா? அங்க யாரும் எதுவும் கேக்கறதில்ல" என்றார்.

"வெட்டிக்கலாம் அண்ணாத்த. ஆனா நான் செங்கல்பட்டுல பொறக்கலியே. இங்கதான பொறந்தேன்?"

ராஜாராம் வாசலை எட்டிப் பார்த்தார். "போலீசுல எழுதிக் குடுத்துடுவியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏசுதாஸ் சிரித்தார். "சட்டம் கீது. எழுதிக் குடுத்தா மொதல்ல உன்னத்தான் உள்ள தள்ளுவாங்க. உன்ன உள்ள அனுப்பிட்டு நான் யாருகிட்ட வெட்டிக்கிறது? இந்த வழக்கத்த நீயா உண்டாக்கின? நான் பாட்டுக்கு வந்து ஒக்காந்துகினு இருக்கேன். உனக்கு எப்ப முடியுதோ அப்ப வெட்டு."

சொன்னபடியே கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து கைகூப்பிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஊர்க்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு, 'உட்கார்ந்தால் உட்காரட்டும், வெட்டினால்தானே?' என்று பெஞ்சின் மறு ஓரத்தில் நெருக்கியடித்து உட்காரப் பழகிக்கொண்டார்கள். மாமல்லபுரத்துக் குப்பத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்து விற்கும் நீலமேகத்துக்கு மட்டும் இந்த ஊர்க் கட்டுப்பாடு எதுவும் ஒட்டவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏசுதாஸை ஒட்டி உட்கார்ந்து, "தம்பி, பேப்பர்ல இன்னா போட்டுகீறான், படி" என்பார். ஏசுதாஸ் பேப்பரை உரக்கப் படிப்பார். மறு ஓரத்தில் இருப்பவர்களும் கேட்காததுபோலக் கேட்டுக்கொள்வார்கள்.

வாரம் ஏற ஏற ஏசுதாஸின் முடியும் வளர்ந்தது. காதை மூடியது. பிடரியில் சுருண்டது. ராஜாராமுக்கு அதைப் பார்த்தாலே கை துறுதுறுத்தது. வீட்டில் சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

"அந்தாளு தலையில முடி வளருது. உனக்கு எதுக்குயா சோறு எறங்க மாட்டேங்குது?" என்று கேட்டாள் மனைவி எல்லம்மாள். அந்த ஊர்க் குழந்தைகளில் பாதியைப் பிரசவம் பார்த்து எடுத்தவள் அவள்.

"காது மேல வுழுந்துகினு கீது எல்லம்மா. நல்ல முடி. சும்மா ரெண்டு பக்கம் ஏத்தி வுட்டா ராஜா மாதிரி இருப்பான்."

"அப்ப வெட்டிவுடேன்."

"வெட்டிட்டு?"

எல்லம்மாள் குழம்பை ஊற்றியதோடு நிறுத்திக்கொண்டாள். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் ஊர் அளந்து போடும் நெல்தான் அவர்களுக்கு வருஷச் சோறு. பூவராகவன் வீட்டுக்கு மழிக்கப் போனால் ராஜாராம் இன்றைக்கும் பின்வாசல் வழியாகத்தான் போகவேண்டும். தொட்டு மழிக்கிற கை தீட்டில்லை, உள்ளே வருகிற கால் மட்டும் தீட்டு. இதெல்லாம் ராஜாராமுக்குத் தெரியாமல் இல்லை. 'ஏசுதாஸுக்கு என்ன, பயம் என்றால் என்னவென்றே தெரியாத பிறவி. நமக்கு அப்படியா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்துவிடுவார்.

ஆடித் திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு. கடை நிறைய ஆள் இருந்தபோது பூவராகவனே வந்தார். பின்னால் அவருடைய தம்பி மகன் பன்னீர்செல்வமும் இன்னும் சில இளவட்டங்களும். அவர் கடைக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் இருந்தவர்கள் மடமடவென்று எழுந்தார்கள். ஏசுதாஸ் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார்.

"ராஜாராமா, இவன் இன்னாத்துக்கு வாரா வாரம் இங்க தவங்கெடக்கறான்?"

"முடி வெட்டிக்கணுமாம் ஐயா."

"ஆசப்படறான் பாவம். வெட்டிவுடு." பூவராகவன் மீசைக்குள் சிரித்தார். "ஆனா பாதித் தல. பாதி மீச. அப்பால அவன் நம்ம தெருவுல ஒரு சுத்து நடக்கட்டும். திருவிழாவுக்கு முன்னாடி சனங்களுக்கு ஒரு வேடிக்கையாவும் இருக்கும்."

ராஜாராம் வாய் திறப்பதற்குள் பன்னீர்செல்வமும் இன்னொருவனும் ஏசுதாஸைத் தூக்கி நாற்காலியில் அமுக்கினார்கள். மூலையில் இருந்த நீலமேகம், "இன்னாபா இது அக்குறும்பு?" என்று எழுந்தார். அவரை ஒருவன் நெஞ்சில் கைவைத்து வெளியே தள்ளினான்.

ராஜாராம் கத்தரியை எடுத்தார். எதிர்க் கண்ணாடியில் ஏசுதாஸின் முகம் தெரிந்தது. நடவு வரப்பில் போலீசைப் பார்த்தும் அசையாமல் நின்ற முகம் என்று ஊரே சொல்லும். அந்த முகம் வெளுத்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் இருந்த விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

ராஜாராம் கத்தரியைக் கீழே வைத்தார். 'இந்த மனுஷனுக்கும் பயமா?' அப்படியானால் வாரா வாரம் இந்த நடுக்கத்தை வைத்துக்கொண்டுதானா இந்தப் படி ஏறி வந்திருக்கிறார்?

"சீக்கிரம் முடிச்சிடு அண்ணாத்த. உன் மேல எனக்குக் கோவம் இல்ல" என்றார் ஏசுதாஸ், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

ராஜாராம் பெட்டியைத் திறந்தார். பூவராகவன் வீட்டுக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற, கஞ்சி போட்டு வெளுத்த துணி அதில் மடித்து இருந்தது. அதை உதறி ஏசுதாஸின் கழுத்தைச் சுற்றிக் கட்டினார்.

"கைய எடுங்கப்பா. புடிச்சிக்கினு இருந்தா நான் எப்படி வெட்றது?"

அவர்கள் கையை எடுத்தார்கள். ராஜாராம் தண்ணீர் தெளித்தார். சீப்பால் வாரினார். பிடரியிலிருந்து கத்தரியை ஓட்ட ஆரம்பித்தார். இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இடது பக்கம் முடிந்தது. ராஜாராம் வலது பக்கம் வந்து, இந்தக் காதுக்கு ஏற்ற மாதிரி அந்தக் காதுக்கும் அளவு பார்த்தார். அப்போதுதான் பூவராகவனின் சிரிப்பு நின்றது.

"டேய், பாதின்னு சொன்னேன்."

"பாதி வெட்ட எனக்குத் தெரியாது ஐயா. எங்கப்பன் எனக்கு அதக் கத்துக்குடுக்கல."

பன்னீர்செல்வம் பாய்ந்து வந்தான். அதற்குள் ராஜாராம் சவரக் கத்தியைப் பிரித்து ஏசுதாஸின் பின்கழுத்தில் வைத்திருந்தார். "தள்ளி நில்லு தம்பி. இது யாரையும் வெட்டறதுக்கு இல்ல. என் கை அசைஞ்சா இவரு கழுத்துல பட்டுடும். ரத்தம் வந்தா அந்தக் கேசு என் மேல வராது, உன் மேலதான் வரும்."

கத்தி பின்கழுத்தில் மெதுவாக இறங்கியது. காதோரம் வளைந்தது. மீசையின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல நறுக்கப்பட்டது. படிகாரம் தடவி, பவுடர் போட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, மாப்பிள்ளைக்குக் காட்டுவதுபோலக் காட்டினார் ராஜாராம்.

"சரியா கீதா பாருங்க தம்பி."

ஏசுதாஸ் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "நல்லா கீது அண்ணாத்த" என்றார்.

வாசலில் நீலமேகம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களையெல்லாம் கூட்டிவைத்திருந்தார். அத்தனை கண் பார்க்கும்போது கை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. பூவராகவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் அன்று சாயங்காலமே கடையின் கண்ணாடிகள் நொறுங்கின. சுழல் நாற்காலி ஏரித் தண்ணீரில் கிடந்தது. களத்து நெல்லும் கிடையாது, எல்லம்மாளைப் பிரசவத்துக்கு அழைக்கவும் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்தது.

ராஜாராம் தலைகுனிந்து வீட்டுக்கு வந்தார். எல்லம்மாள் வாசலில் நின்றிருந்தாள். செய்தி முழுக்க அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"நல்லா வெட்டினியா?" என்று கேட்டாள்.

"நல்லா வெட்டினேன்."

"அது போதும். உள்ள வந்து சாப்புடு."

மறுநாள் காலனி ஆட்கள் ஏரியில் இறங்கி நாற்காலியைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். அதற்கப்புறம் அது சுழலவில்லை, ஆனால் உறுதியாக நின்றது. சாலையோரப் புறம்போக்கில் சலூனுக்குக் கீற்றுக் கொட்டகை எழும்பியது. மூங்கில் பிளந்தது, கீற்று வேய்ந்தது எல்லாம் நடவுப் பெண்களும் அவர்கள் வீட்டு ஆண்களும்தான். அதைப் பிரித்துப் போடப் பூவராகவன் ஆள் அனுப்பியபோது சங்கத்தார் செங்கல்பட்டுக்குப் போய் அதிகாரி அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை ஏசுதாஸ் புகார் எழுதிக் கொடுத்தார். ராஜாராம் அதில் சாட்சி. ஜீப்பில் வந்த அதிகாரி பூவராகவனைக் கூப்பிட்டுச் சட்டத்தைச் சொல்லி எச்சரித்துவிட்டுப் போனார். செய்தி பரவி, சுற்றுப்பட்டு ஊர்களில் கத்தி பிடிக்கிறவர்கள் எல்லோரும், "ராஜாராமுக்கு எடம் இல்லாத ஊருக்கு நாங்களும் வர மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

எல்லம்மாளுக்கும் வேலை இல்லாமல் போகவில்லை. காலனியில் ஏசுதாஸின் மனைவி செங்கம்மாளுக்குப் பெண் குழந்தையை எடுத்தது அவள்தான். பிள்ளைக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று வெட்கமும் பெருமையுமாகச் சொல்லித் திரிந்தாள்.

மாதங்கள் போயின. ஊர்க்காரர்கள் முதலில் இருட்டின பிறகு கொட்டகைக்கு ஒளிந்து வந்தார்கள். பிறகு பகலிலேயே வந்தார்கள். பூவராகவன் மட்டும் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய் மழித்துக்கொண்டார். முழங்கால் வலி வந்து பஸ் படி ஏற முடியாமல் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தடி ஊன்றிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

நாற்காலியில் நீலமேகம். பெஞ்சில் ஏசுதாஸ், மடியில் குழந்தையோடு. ஏசுதாஸ் நகர்ந்து இடம் விட்டார். பூவராகவன் உட்காராமல் தயங்கினார்.

"ஒக்காருங்க ஐயா" என்றார் ராஜாராம். குரலில் குத்தல் இல்லை. "திருக்கழுக்குன்றத்துல உங்களுக்கு முன்னாடி அந்த நாற்காலில ஒக்காந்தது யாருன்னு கேட்டுக்கினா ஒக்காந்தீங்க? அதே மாதிரி இங்கயும் ஒக்காருங்க. நீலமேகம் முடிஞ்சதும் ஏசுதாஸ். அப்பால நீங்க."

பூவராகவன் தடியை மாற்றி ஊன்றினார். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். குழந்தை அவருடைய தடியைப் பிடித்து இழுத்தது. அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, நாற்காலியில் இருந்த நீலமேகம், "ஆனா இந்தத் தம்பி மாதிரி தைரியம் நமக்கெல்லாம் வராதுப்பா. அது பொறப்புலயே வரணும்" என்றார்.

ராஜாராமின் கத்தி நின்றது.

"அப்படிச் சொல்லாத நீலமேகம். நானும் அப்படித்தான் சொல்லிக்கினு கெடந்தேன். அன்னைக்கு இவரு கை நடுங்கிச்சே, அத நான் பாத்தேன். உனக்கும் எனக்கும் இருக்கற பயம்தான் இவருக்கும் இருந்துச்சு. 'அவனுக்குப் பயமில்ல, அவன் போராடட்டும்'னு நாம சொல்றது, நம்ம பயத்த நாம மறைச்சிக்கிற சாக்கு. நியாயத்துக்காக ஒருத்தன் தனியா நடுங்கிக்கினு நிக்கும்போது, பக்கத்துல கீறவன் தன் கையால ஆனதச் செய்யணும். அதச் செய்யாம சும்மா நிக்கறானே, அவன்தான் அநியாயத்துக்குப் பெரிய தொண."

ஏசுதாஸ் கூச்சத்தோடு குழந்தையின் தலையைத் தடவினார். பூவராகவன் எழுந்து போகவில்லை. தன் முறைக்குக் காத்திருந்தார்.