வேலிக்கு வெளியே

இராணுவத்தினர் நிறைந்த இலங்கைப் பெண்கள் ரக்பி அணி கனடாவின் மொன்றியலுக்கு வந்தபோது, நிரோஜா அவர்களை எதிர்த்து ஆட மறுத்தாள். அதனால் உள்ளூர்க் கழக அணியில் அவளுக்கு வெகுநாள் காத்துக் கிடைத்த இடம் போனது. அப்படிப் புறக்கணிக்கச் சொன்னவர் தமிழ்ச் சங்கத் தலைவர் வசீகரன்.

ஆட்டத்தன்று அவள் பதாகையோடு வேலிக்கு வெளியே நின்றாள். உள்ளே வசீகரன் விருந்தினராக வந்த அணிக்கு மட்டன் ரோல்ஸ் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்களுமோ?"

"இது என்ரை கடைக்கு வந்த சாப்பாட்டு ஓடர், பிள்ளை. அரசியல் வேற, வியாபாரம் வேற. வெயிலுக்க நிக்கிறாய், இந்தா, ஒண்டு தின்." கம்பி இடுக்கால் ஒரு ரோலை நீட்டினார்.

அவள் பதாகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

திடலில் அவளுடைய இடத்தில் ஆடிய பெண் பந்தோடு பாய்ந்து ஓடினாள். வசீகரன் கைதட்டினார்.

"என்ன ஓட்டம்! பார் பிள்ளை, பார்!"

"பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்" என்றாள் நிரோஜா, அவருடைய எண்ணெய் பட்ட விரல்களைப் பார்த்தபடி.