எதிர்முனையில் நிற்பவர்

தேக்காவில் ரக்ஷனாவும் நிதீஷும் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கில் எல்லோரும் அதைப் பொம்மைக் கார் என்றுதான் சொன்னார்கள். கட்டைப்பை அளவு இருக்கும், ஆறு கிலோ கனக்கும். ஆனால் இரண்டு பேட்டரியை மாட்டி ரிமோட்டின் விசையை முழுக்க அழுத்தினால் விரைவுச்சாலையில் போகும் எந்த வண்டியையும் முந்திவிடும். அந்த வேகத்தில் காலில் பட்டால் எலும்பு மிஞ்சாது.

கார் ரக்ஷனாவுடையது. அடுத்த வாரம் கிளப்பில் வேகப்போட்டி. சோதித்துப் பார்க்கக் கிராஞ்சியில் ஒரு செடிப்பண்ணைக்குள் போகும் நேர்சாலைக்குக் கணவன் நிதீஷுடன் காலையிலேயே வந்திருந்தாள். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அர்ஃபான், லாரிகள் வருவதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி கேட்டைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குச் சரியாகத் தெரியாது. எதிர்முனையில் நடுச்சாலையில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் நிதீஷ் அங்கே நின்று கைகாட்டுவான். அவனுக்கு வெகுதூரம் முன்னாலேயே வைத்திருக்கும் ஆரஞ்சுக் கூம்பருகில் அவள் பிரேக் போட்டுவிடுவாள். பெண்டாட்டி ஓட்டும் காருக்கு எதிரே தானாகப் போய் நிற்கிற ஒரே புருஷன் என்று கிளப்பில் அவனைக் கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

போவதற்கு முன் வழக்கம்போல ஒன்று கேட்டான். "சிக்னல் கட் ஆனா நிக்குதா? டெஸ்ட் பண்ணியா?"

"பண்ணிட்டேன் லா. நீ போய் நில்லு."

பண்ணவில்லை. முந்தின நாள்தான் காருக்குள் சிக்னலை வாங்கும் புது ரிசீவரை மாட்டி ரிமோட்டோடு இணைத்திருந்தாள். ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை, இணைக்கும் அந்த நொடியிலேயே ரிசீவர் மனப்பாடம் செய்துகொள்ளும். விசை எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே அதற்கு வேதவாக்கு. சரியாகப் பதிந்ததா என்று பார்க்க, காரைப் பெட்டிமேல் ஏற்றிச் சக்கரத்தைச் சுழலவிட்டு ரிமோட்டை அணைக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டார் ஏற்கெனவே ஒருமுறை படியேறி வந்துவிட்டார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் மறந்தே போனாள். அவன் கேட்டபோது நினைவு வந்தது. இத்தனை தரம் நின்ற கார் இன்றைக்கா நிற்காமல் போகும் என்ற திமிரில் வாய் முந்திக்கொண்டது.

முதல் ஓட்டத்தில் கார் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது. நிதீஷ் கைகாட்ட, ரிமோட்டில் சரிசெய்தாள். ஆனால் கூம்பருகே விசையை விட்டபோது கார் ஒரு கணம் தாமதித்தே வேகம் குறைந்தது. காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். தெரிந்தே கிணற்றில் இறங்குகிறவர்களுக்குச் சாக்கு கிடைக்காமலா போகும்?

இரண்டாம் ஓட்டத்தில் விசையை முழுக்க அழுத்தினாள். கூம்பு வந்தது. பிரேக் போட்டாள். கார் கேட்கவில்லை.

நேற்றைய கை அப்போதுதான் ஞாபகம் வந்தது. இடக்கையால் ரிசீவர் பொத்தானை அமுக்கும்போது, ரிமோட் நழுவாமலிருக்க வலக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். இறுக்கிய விரல் விசையின்மேல்தான் இருந்தது. காற்றில் மாட்டக் கூடாதென்று ஆன்டெனா கம்பியைப் பேட்டரிக்கடியில் மடித்துச் செருகியவளும் அவள்தான். அங்கே சிக்னல் எட்டாமல் அறுந்துவிட்டது, கார் ஓடச் சொன்னபடி ஓடுகிறது.

நிதீஷ் அசையவில்லை. அவள் நிறுத்திவிடுவாள் என்று நின்றான்.

கத்தினால் கேட்கும் தூரமில்லை. கிட்டே போனால் சிக்னல் பிடிக்கலாம். ரிமோட்டைத் தலைக்குமேல் தூக்கி, பிரேக்கை அழுத்தியபடியே கார் போன திசையில் ஓடினாள். செருப்பு கழன்றது. முருகா, முருகா என்று வாய் முணுமுணுத்தது. நாலைந்து எட்டுக்குள், எந்த இடத்தில் பிடித்ததோ தெரியவில்லை, சக்கரங்கள் சட்டென்று இறுகின. கார் குறுக்காகச் சுழன்று, நிதீஷின் முழங்காலை ஒட்டிப் போய்ச் சாலையோர மண் மூட்டையில் மோதியது. மூட்டை கிழிந்து அவன் கால்சட்டையெல்லாம் மண்.

அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவன் காரைத் தூக்கி மூட்டைமேல் வைத்திருந்தான். ரிமோட்டை வாங்கி அணைத்தான். அணைத்ததும் நின்றிருந்த சக்கரங்கள் தாமாகவே சுழன்று ஊளையிட்டன. பேட்டரி ஒயரைப் பிடுங்கினான்.

"டெஸ்ட் பண்ணிட்டேன்னு வேற யாராவது சொல்லியிருந்தா நானே ஒருதரம் பாத்திருப்பேன்," என்றான்.

அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. மன்னிப்பு கேட்டாள். அவன் ஆன்டெனா கம்பியை வெளியே இழுத்துவிட்டு, பேட்டரி ஒயரை மறுபடி மாட்டினான். ரிமோட்டைத் தரையில் வைத்து, விசையைத் தொடாமல் ரிசீவரை மறுபடி இணைத்தான். அவள் கண்முன்னாலேயே சோதித்தான். ரிமோட்டை அணைத்ததும் சக்கரம் நின்றது. மறுபடி செய்தான், மறுபடி நின்றது. பிறகு காரைத் தூக்கிக்கொண்டான்.

"நீ இங்க நில்லு. நான் ஓட்டறேன்."

நடுச்சாலையில் நின்றாள். தூரத்தில் அவன் காரை இறக்கி வைத்தான். நின்றுவிடும் என்று தெரிந்தும் ஓரமாக ஒதுங்கிவிடத் தோன்றியது. இந்த இடத்திலா இவன் வாரந்தோறும் சிரித்துக்கொண்டு நின்றான் என்று நினைத்தபோது தன்மேலேயே வெறுப்பு வந்தது. நகரக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கார் வரவில்லை. நிதீஷ் குனிந்து பேட்டரியைக் கழற்றுவது தெரிந்தது. காரை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்து வந்தான்.

"நிக்கும்னு தெரியும்," என்றான். "இருந்தும் உன்ன எதிர்ல வச்சு ஓட்ட எனக்குக் கை வரல, ரக்ஷனா."

அதுவரை அடக்கிவைத்திருந்தவள் அப்போது அழுதாள்.