மனம் தேறியவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இந்த முனையில் அவள், அந்த முனையில் குண்டக்கா. உதறி, இழுத்துப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தால் ஒன்று முடியும். குண்டக்கா இப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். சேர்ந்த புதிதில் வைத்த பெயர், உடம்பு போன பிறகும் நின்றுவிட்டது.

இந்த முனையில் நின்றவள் ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து, பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஆறு வாரம் பளு தூக்கக் கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்ததால் மடிக்கும் மேஜையில் போட்டார்கள். அதுவரை நாலு வருடமாக அவள் இருந்தது ஈரப் பக்கம். துவைத்த விரிப்புகளை வாரி வண்டியில் போட்டு, உலர்த்தும் இயந்திரம் வரை தள்ள வேண்டும். நனைந்த விரிப்பு பத்து சேர்ந்தால் ஓர் ஆள் கனம்.

எல்லோரும் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மாமியார் சொன்னாள், எதிர்வீட்டுக்காரி சொன்னாள், முகம் தெரியாத நர்ஸ்கூடச் சொன்னாள். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. கணவன் மட்டும் வாயைத் திறக்காமல் தண்ணீர்க் குடங்களைத் தூக்கி வைத்தான். குழந்தைகள் வார்டின் சின்ன விரிப்புகள் வந்தால் குண்டக்கா பேசாமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு மேற்பார்வையாளர் அவளை மனஉறுதி வகுப்புக்கு அனுப்பினார். மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். வகுப்பெடுத்த பெண் கண்ணை மூடி அமைதியான கடலை நினைக்கச் சொன்னாள். அவளுக்குப் பசியில் வயிறு இரைந்ததுதான் கேட்டது. தன்னைத் தாங்கி நிறுத்தும் மூன்றை எழுதச் சொன்னபோது அவள், 'குண்டக்கா, மடிக்கும் மேஜை, தண்ணீர் தூக்கும் கணவன்' என்று எழுதினாள். அந்தப் பெண் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆளையும் மேஜையையும் எழுதாதீங்க. உங்களுக்குள்ள என்ன இருக்குன்னு எழுதுங்க."

அவள் மூன்றையும் அடித்தாள். கீழே 'தைரியம்' என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் இருபது கேள்விகள். தூக்கம் வருகிறதா, பழையபடி வேலை செய்ய முடிகிறதா என்றெல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஆமென்று போட்டுவிடச் சொல்லியிருந்தாள் குண்டக்கா. இல்லையென்றால் இன்னும் மூன்று வாரம் பட்டினி போடுவார்களாம். அவள் இருபதுக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் அவளை ஈரப் பக்கம் போகச் சொன்னார். டாக்டர் சொன்ன ஆறு வாரத்தில் இன்னும் பத்து நாள் பாக்கி என்றாள். அவர் கோபப்படவில்லை. கேள்வித்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"பழையபடி வேலை செய்ய முடியும்னு நீயே டிக் போட்டிருக்கே."

"மனசைப் பத்திக் கேக்கறாங்கன்னுதானே சார் போட்டேன்? வயித்துக்கு என்ன தெரியும், நான் டிக் போட்டது?"

"மனசு தேறிட்டா உடம்பு தானா தேறிடும். வகுப்புல இதைத்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

தான் போவதாகக் குண்டக்கா சொல்லிப் பார்த்தாள். ஆள் மாற்றினால் வேலைப் பட்டியலைத் திருப்பி எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் விரிப்புகளை வாராமல் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அதற்குள் அடுத்த இயந்திரம் நின்று மணியடித்தது. அதன்பின் வாரித்தான் போட்டாள். நாலாவது வண்டியில் அடிவயிறு சுண்டி இழுத்தது. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

வகுப்பு முடித்த ஆறு பேருக்குச் சான்றிதழ். கையைத் துடைத்துவிட்டு வாங்கச் சொன்னார்கள். புகைப்படக்காரர் வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். அவளால் நிமிர முடியவில்லை. ஒரு கை வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. கையைக் கீழே விடச் சொன்னார். அவள் விடவில்லை. அவர் சலித்துக்கொண்டு அருகில் வந்து, சான்றிதழை இறக்கி அந்தக் கையை மறைத்துப் பிடிக்க வைத்துவிட்டு, திரும்பிப் போய்ப் படம் எடுத்தார்.