தூக்காமல் நின்றவள்

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு சாக்கடை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

எதிரே வந்த லாரிக்கு வழிவிடப் போய் என் காரின் முன்சக்கரங்கள் இரண்டும் சாலையோரக் கால்வாய்க்குள் இறங்கிவிட்டன. போன் செய்தேன். கொக்கியும் சங்கிலியுமாக ஓர் இழுவை வண்டி வந்தது. அதை ஓட்டி வந்த பெண் இறங்கியதும் என் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கழுத்து வலிக்குதா? தலை சுத்துதா?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. கார்தான்…"

"கார் எங்கயும் ஓடிப்போயிடாது. நீங்க மொதல்ல ரோட்டை விட்டு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

பட்டறை போய்ச் சேரும்வரை அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தேன். வாரநாட்களில் இப்படிச் சாலையில் இழுவை வேலை, ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயத் தடத்தில் மீட்பு வேலை என்றாள். மோதி உருண்ட பந்தயக் கார்களைத் தடத்திலிருந்து அப்புறப்படுத்துவது. நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்றேன், எழுதுவீங்களா? ஆனா ஒரு கண்டிஷன். யாரையும் சாகடிக்கக் கூடாது."

வாக்குக் கொடுத்தேன். ஆகவே வாசகரே, இந்தக் கதையில் ஒருவரும் சாகப் போவதில்லை. இதை முதலிலேயே போட்டு உடைத்தால் விறுவிறுப்பு என்னாவது என்று என் மனைவி கேட்டாள். போகட்டும். விறுவிறுப்பு, அந்தப் பெண் அன்றைக்குத் தடத்தில் அனுபவித்ததே போதும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மூன்றாவது வளைவில் மரணம் காத்துக்கொண்டிருந்தது."

அடித்துவிட்டேன். மூன்றாவது வளைவில் காத்துக்கொண்டிருந்தது அவளும் அவளுடைய உதவியாளரும்தான். மடக்கு நாற்காலிகள் இரண்டு, நடுவே ஒரு பிஸ்கட் பொட்டலம்.

அடுத்து:

"சிறுவயதிலிருந்தே அவளுக்கு வேகத்தின் மீது தீராத…"

இதுவும் பொய். வேகம் என்றாலே அவளுக்கு ஆகாது. காற்று வாங்கப் போகிறவர்கள்கூட அவள் வண்டியை முந்திக்கொண்டு போவார்கள். வேகத்தின் மீது தீராத பித்து அவள் கணவருக்கு. மனிதர் வாரமெல்லாம் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பார். ஞாயிறு வந்தால் பழைய கார் ஒன்றைப் பந்தயத்துக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் காருக்கு மெக்கானிக் அவருடைய தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன். குடும்பமே தடத்தில் கிடக்கும்.

"வீட்டுலயும் நான்தான் இவரை இழுக்கணும், இங்கயும் நான்தான் இழுக்கணும்" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வேடிக்கை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அதை அவள் சொல்வதில்லை.

(அலங்காரமான தொடக்கம் இனி வேண்டாம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.)

3

மத்தியான வெயிலில் கார்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. வளைவுக்கு முன்னால் ஒரு கார் திடீரென்று வலப்புறம் வெட்டியது, சுவரில் அறைந்தது, எழும்பியது, உருண்டது. உருண்டு, கூரை கீழே, சக்கரம் மேலே என்று தடத்தின் நடுவே வந்து நின்றது. சக்கரம் ஒன்று இன்னமும் சுழன்றுகொண்டிருந்தது.

கதவில் இருந்த எண்ணைத் தலைகீழாகப் படித்தாள். அவள் கணவரின் எண்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கிடாக்கியில் குரல் வந்தது: "மூணாவது வளைவு, அது உங்க வீட்டுக்காரர் வண்டி. வேற ஆளை அனுப்பட்டுமா?"

"அவங்க வர்றதுக்குள்ள நான் போயிடுவேன். செவப்புக் கொடி காட்டுங்க. எல்லா வண்டியும் நிக்கணும்."

(இந்த இடத்தில் "அவள் இதயம் நின்றுவிட்டது" என்று எழுதியிருந்தேன். இதயம் நின்றவள் கியர் போட முடியாது.)

அவள் செய்த முதல் காரியம், தன் கனத்த வண்டியைக் கவிழ்ந்து கிடந்த காருக்கும், வேகம் குறைத்து வந்துகொண்டிருந்த மற்றக் கார்களுக்கும் நடுவே குறுக்காக நிறுத்தியது. இனி எவன் பிரேக் பிடிக்காமல் வந்தாலும் அவள் வண்டியில்தான் மோத வேண்டும். பிறகுதான் இறங்கினாள். உதவியாளர் தீயணைப்பு உருளையோடு முன்னால் ஓடினார். அவரை எல்லோரும் கூப்பிடுவது 'நுரை' என்று. பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்த இடமெல்லாம் அவர் நுரையை அடிக்க, அவள் காரின் வெளிப்புறமிருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தார்த்தரையில் குப்புறப் படுத்து, சன்னலில் கண்ணாடிக்குப் பதில் கட்டியிருந்த வலையை விலக்கினாள்.

கணவர் இருக்கைப் பட்டைகளில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது.

"என்னங்க."

"ம்."

"கையை அசைங்க."

அசைத்தார்.

"காலு?"

"தெரியல… கழுத்துல என்னவோ பண்ணுது. மூச்சு முட்டுது. பட்டையக் கழட்டிக்கிறேன்."

அவர் விரல்கள் நெஞ்சுக்கு நடுவே இருந்த பூட்டைத் தேடின. அவள் உள்ளே கைவிட்டு அந்த விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

"தொட்டீங்க, தெரியும் சேதி! கழட்டினா தலை குத்தி விழுவீங்க. மொத்த ஒடம்பும் கழுத்து மேல எறங்கும். டாக்டரம்மா வர்ற வரைக்கும் பேசாம தொங்குங்க."

"எவ்ளோ நேரம்டி…"

"வீட்டுலதான் என் பேச்சைக் கேக்க மாட்டீங்க. இங்கயாவது கேளுங்க."

அவர் சிரிக்க முயன்றார். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்துத்தான், அதற்குப் பிறகுதான், தனக்குப் பயம் வந்தது என்றாள்.

4

இனி கொழுந்தன் வர வேண்டும். இவனை எழுதுவதற்குத்தான் எனக்குக் கை கூசுகிறது. முதல் பிரதியில் இவன் வில்லனாகிவிட்டான். சத்தம் போடுகிறவனைக் கதையில் வில்லனாக்குவது சுலபம்.

வேலியைத் தாண்டி ஓடி வந்தான். அவன் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"அண்ணி! தூக்குங்க அண்ணி! ஏன் படுத்துக் கெடக்கீங்க? கிரேனைப் போட்டு நிமித்துங்க!"

"டாக்டர் வரட்டும்."

"பெட்ரோல் ஒழுகுது! அண்ணன் உள்ள கெடக்கான்! டேய், ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்கடா, பொரட்டிடலாம்!"

கூட வந்தவர்கள் காரில் கை வைத்துவிட்டார்கள். அவள் எழுந்தாள். காரோடு முதுகை ஒட்டி நின்றாள்.

"கைய எடுங்க எல்லாரும். பொத்துன்னு பொரண்டா கழுத்து போயிடும். நெருப்பு இல்ல. நுரை பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நெருப்புன்னு ஒரு பொறி வரட்டும், நானே மொதல்ல இழுப்பேன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக் கூடாது."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? கட்டின புருஷன்! கல்லு மாதிரி நிக்கிறீங்களே!"

கொழுந்தன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவள் நகரவில்லை. நுரை இடையில் புகுந்து அவனை அணைத்தபடி பின்னால் இழுத்துக்கொண்டு போனார். அவன் புழுதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"தள்ளினானே, கோபம் வரலையா?" என்று நான் வண்டியில் கேட்டேன்.

"காலையில அந்த வண்டிக்குச் சக்கரம் மாட்டினது அவன்தான் சார். தான் சரியா முடுக்காததாலதான் வண்டி உருண்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டான். கடைசியில பாத்தா டயர் வெடிச்சிருக்கு, யார் தப்பும் இல்ல. ஆனா அப்போ அவனுக்கு அது தெரியாதில்ல?"

இதைக் கேட்டபின்தான் அவனை வில்லன் வேலையிலிருந்து நீக்கினேன்.

5

மருத்துவர் வந்தார். ஒல்லியான பெண்மணி, சன்னல் வழியே பாதி உடம்பை நுழைத்து, கணவரின் கழுத்துக்குக் காப்புப் பட்டை போட்டார். இன்னொரு மீட்பு வண்டியும் வந்து மறுபக்கம் நின்றது. காருக்கு இருபக்கமும் வார்கள் மாட்டினார்கள். ஒரு வண்டி மெல்ல இழுக்க, மற்றது மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் கிடத்துகிற பக்குவம் வேண்டும்.

பிறகு நான் எழுதிய வாக்கியம் இது: "நடுங்காத கரத்தால் அவள் நெம்புகோலைப் பற்றி, தன் கணவரின் உயிரை அங்குலம் அங்குலமாக…"

இதை அவளுக்கு போனில் படித்துக் காட்டினேன்.

"ஐயையோ, அதெல்லாம் எழுதாதீங்க சார். கை வெடவெடன்னு ஆடுச்சு. லீவரை நுரைகிட்ட குடுத்துட்டேன். ஆடுற கையால இழுத்தா அவருக்கில்ல ஆபத்து?"

"அப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

"ஓரமா நின்னேன். சாமி கும்பிட்டேன். வேற என்ன பண்றது?"

ஆகவே இந்தக் கதையின் நாயகி, உச்சக்கட்டத்தில், ஓரமாக நிற்கிறாள். நுரை லீவரை இறக்குகிறார். கார் முனகிக்கொண்டே சாய்ந்து, ஒரு பக்கமாக நின்று, பிறகு சத்தமே இல்லாமல் தன் சக்கரங்களின் மேல் அமர்கிறது. மருத்துவரின் குரல் உள்ளேயிருந்து வருகிறது: "காலை அசைங்க… நல்லா… இன்னொண்ணு… ரெண்டும் அசையுது!"

அவள் அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்கத் தெரியாமல் சேலை நனைந்தது… இல்லை, சேலை இல்லை, வேலை உடுப்பு. (பழக்க தோஷம்.) உடுப்பெல்லாம் நனைந்தது.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்ததில், கழுத்தெலும்பில் மெல்லிய கீறல். விலகவில்லை. அசைக்காமல் வைத்தால் தானே சேர்ந்துவிடும் என்றார்கள்.

6

சேர்ந்தது. வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் கெட்டிப் பட்டையோடு, திரும்பிப் பார்க்க முடியாமல், வீட்டையே அதிகாரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி பந்தயம் ஓட்டுவாரா என்று கேட்டேன். "அது அப்புறம் போடவேண்டிய சண்டை" என்றாள்.

கொழுந்தன் மட்டும் வீட்டுப் பக்கமே வரவில்லை. இருப்பது அடுத்த தெரு. அவன் மனைவி வந்தாள், பிள்ளைகள் வந்தார்கள். அவன் வரவில்லை. ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

அதற்குள் பட்டறை வந்துவிட்டது. அவள் இறங்கி, என் காரின் கொக்கியைக் கழற்றத் தொடங்கினாள். "கதை எழுதுறவரு நீங்க. நீங்களே எழுதிக்குங்க."

முயன்று பார்த்தேன். "என்னை மன்னிச்சிருங்க அண்ணி": இப்படிப் பேசுகிற கொழுந்தனை நான் பார்த்ததில்லை. "அண்ணன் தூங்குறானா?": இருக்கலாம். "சாப்பிட ஏதாவது இருக்கா?": இதுதான் எனக்குப் பிடித்தது; ஆனால் எனக்குப் பிடித்ததையெல்லாம் அவன் வாயில் வைப்பது நியாயமா? ஒருவேளை அவள்தான் முதலில் பேசினாளோ?

எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒரு தள்ளும் ஒரு சொல்லும் நடந்திருந்தால், முதலில் யார் வாய் திறப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதையே இங்கே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறிக் கிளம்புமுன் அவளாகச் சொன்ன ஒரே ஒரு தகவலை மட்டும் தருகிறேன். இதில் என் கற்பனை துளியும் இல்லை: அவள் கதவைத் திறப்பதற்கு முன்பே அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தான்.