குடும்பப் பெயர்

பார்சலைப் பிரித்தபோது பிள்ளைகள் என் முதுகில் ஏறாத குறை. உள்ளே இருபது புத்தகங்கள், வழவழவென்று. எங்கள் பள்ளிக்கு உதவும் தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கை. அட்டையில் எங்கள் மூன்றாம் வகுப்பு பியூ சின், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, பென்சிலைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே கொட்டை எழுத்தில் ‘பியூ சின் தெய்ன் லாட்’. அதற்கும் கீழே எங்கள் பள்ளியின் பெயரும், தாய்லாந்து எல்லையில் இருக்கும் எங்கள் ஊரான மே சோட்டின் பெயரும்.

“டீச்சர், நான்தான் அட்டையில!” என்று அவள் குதித்தாள். நான் கீழே இருந்த பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெய்ன் லாட் அவளுடைய அப்பா. அந்தப் பெயரில் மே சோட்டில் யாரும் கிடையாது. கரும்பு வெட்டப் போகும் அந்த மனிதரை இங்கே எல்லோரும் கோ பவுக் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்மாவில், பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். ஒரு கிராமத்தைக் கொளுத்தச் சொன்ன அன்று துப்பாக்கியோடு இறங்கி நடந்துவிட்டார். அவரைப் போலவே ஓடி வந்த இரண்டு பேரைப் போன மழைக்காலத்தில் சந்தைக்குப் பக்கத்திலிருந்தே யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

எல்லாம் உதவி கேட்டு நிரப்பிய அந்தப் படிவத்தால் வந்தது. படிவத்தால் என்ன, என்னால் வந்தது. எங்கள் பர்மிய மக்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அப்பா பெயர் அப்பாவோடு, பிள்ளை பெயர் பிள்ளையோடு. வெளிநாட்டுக்காரர்களின் படிவமோ குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டு வைத்திருந்தது. நிரப்பாவிட்டால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகரவே நகராது. நூற்று நாற்பது பிள்ளைகள். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, பழைய பள்ளிச் சான்றிதழ்களை எடுத்து, அதிலிருந்த அப்பா பெயர்களை வரிசையாக அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டேன். நட்சத்திரம் மறைந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்த ஆண்டு பிள்ளைகளுக்கு மதியம் சோற்றோடு முட்டை வந்தது, தாய்லாந்து மொழி சொல்லித்தர வாத்தியார் வந்தார், பெரிய பெண்கள் தொழில் பழகத் தையல் மெஷின்கள் வந்தன.

தொண்டு நிறுவனத்தின் ஊர் ஆபீசில் இருக்கும் நோக் என்ற பெண்ணுக்கு உடனே போன் போட்டேன். நல்லவள்தான்.

“அக்கா! அட்டையைப் பாத்தீங்களா? எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு.”

“அந்தப் பேரை எடுத்துடச் சொல்லும்மா. அந்த மனுஷன் உசுரு போயிடும்.”

“தலைமை ஆபீஸ்ல கேக்கணும். இந்த நேரத்துல எதையும் கிளப்பாதீங்கக்கா. அடுத்த வருஷம் யாருக்கு உதவுறதுன்னு இந்த வாரம்தான் முடிவு பண்றாங்க.”

“இன்னும் யாருக்கும் அனுப்பலதானே?”

“இணையத்துல போன மாசமே போட்டாச்சேக்கா.”

அப்போதே கத்தியிருக்க வேண்டும். நூற்று நாற்பது சோற்றுத் தட்டுகள் கண்முன் வந்தன. “சரிம்மா” என்று போனை வைத்துவிட்டேன். அந்தச் ‘சரி’க்காக என்னை நான் மன்னிக்கவே போவதில்லை.

ஆள் அனுப்பியதும் கோ பவுக் வெட்டுக் கத்தியோடு வந்தார். புத்தகத்தை நீட்டினேன். தன் பெயரின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

“எத்தனை வருஷம் ஆச்சு இதைப் பாத்து” என்றார்.

“என்னைத் திட்டிடுப்பா.”

“திட்டி என்ன ஆகப்போகுது டீச்சர்? மூணு மணிக்கு ஒரு கரும்பு லாரி தெற்கே போகுது. நாங்க மூட்டையைக் கட்டிட்டு வர்றோம். பாப்பா அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். குடிசையை விட இங்கதான் பத்திரம்.”

மகளைக் கூப்பிட்டு, மூன்று மணிக்கு வருகிறேன், டீச்சரை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எல்லாப் புத்தகங்களையும் அரிசி மூட்டைக்கு அடியில் திணித்தேன். அதனால் என்ன பிரயோஜனம் என்று எனக்கே தெரியவில்லை.

சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஆள் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, எங்கள் பர்மியப் பேச்சு, கையில் ஒரு பை நிறைய பிஸ்கட். பிறந்தநாள், திதி என்று பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க அடிக்கடி யாராவது வருவார்கள். வாசலில் நிறுத்தி விசாரிக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வகுப்புக்குள் வந்த பிறகுதான் அவர் அக்குளில் சுருட்டி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தேன். அதே அட்டை, சாதாரணத் தாளில் அச்செடுத்தது.

“இந்தப் பாப்பாவைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் டீச்சர்.”

“அவ ஸ்கூலை விட்டு நின்னுட்டாளே. போன மாசமே வேற ஊருக்குப் போயிட்டாங்க.”

ஆனால் மூன்றாவது பெஞ்சில் பியூ சின் எழுந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஒழுங்காக நின்றாள்.

“டீச்சர், நான் இங்கதான் இருக்கேன்.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் குட்டிப் பெஞ்சில் அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, ஒரு பாக்கெட்டைப் பிரித்து அவளிடம் கொடுத்தார்.

“மெதுவா சாப்பிடு பாப்பா. அவசரமே இல்ல. அப்பா எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போக வருவாரு?”

பியூ சின்னுக்கு வாய் நிறைய பிஸ்கட். பேச முடியாமல், மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினாள்.