எட்டாவது பெண்ணும் நிற்காத பம்பும்

வடகரப்பதி அருள்குமாருக்கு வயது முப்பத்தாறு. பதினொரு ஏக்கர் தென்னை, ஒரு பழைய கார், ஏழு பெண் வீட்டார் சொன்ன "யோசிச்சுச் சொல்றோம்" ஆகியவை அவன் சொத்து. எட்டாவதாக, கொல்லங்கோட்டில் செல்வப்பிரியாவைப் பார்க்க அம்மா ராமாத்தாளோடு கிளம்பிய காலையில் கார் மக்கர் செய்தது. ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பினால் பின் சீட்டுக்கடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனகும். இன்றைக்கு அந்த முனகலையே காணோம்.

பம்புக்குக் கரண்டு விடுவது ரிலே என்கிற தீப்பெட்டியளவு டப்பா. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டருக்குத் தம்பி முறை. உள்ளிருக்கும் காயிலில் சிறு கரண்டு பாய்ந்தால் தகடு ஒட்டி, பம்புக்குப் பெருங்கரண்டு போகும். இன்ஜின் நின்றால் தகடு விலகும், பம்பும் நிற்கும்.

தோட்டத்து ஸ்டார்ட்டர் சண்டித்தனம் செய்தால் எங்கள் பக்கத்து விவசாயி ஆளைத் தேடிப் போகமாட்டான். கம்பியைப் போட்டு நேராக ஓட்டிவிடுவான். அருள்குமாரும் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பம்புக்குக் கரண்டு போகும் இரண்டு ஓட்டைக்கும் குறுக்கே கம்பியைச் சொருகினான். கார் கிளம்பியது. ராமாத்தாள் மகனின் மூளையை மெச்சிக்கொண்டே வந்தாள்.

பெண் வீட்டில் பலகாரத் தட்டு கைக்கு வந்தபோதுதான், சாவியை எடுத்த பிறகும் ஜன்னலுக்கு வெளியே கார் முனகுவது அவன் காதில் விழுந்தது. பாதியில் எழுந்தால் சகுனத்தடை என்று அம்மா வழியெல்லாம் ஓதியிருந்தாள். ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். புறப்படும்போது பேட்டரி செத்திருந்தது.

அந்த வீட்டில் பிக்கப் வண்டியை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் செல்வப்பிரியாதான். பட்டுச்சேலையோடு வந்து பானெட்டைத் திறந்தாள். கம்பியை உருவினாள். ஹாரன் ரிலேயும் அதே அச்சு என்பதால் அதைக் கழற்றி பம்ப் ரிலேயின் இடத்தில் மாட்டினாள். பிக்கப் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தாள். கார் பிடித்துக்கொண்டது.

"கம்பி சொருகுனது யாருங்க?"

"மெக்கானிக்குங்க" என்றாள் ராமாத்தாள்.

"நாந்தானுங்க" என்றான் மகன்.

"பம்ப் நிக்காம ஓடுனது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க எந்திரிச்சு வரலை?"

"எந்திரிச்சா, நீங்களும் வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்கன்னு பயமா இருந்துச்சுங்க."

எட்டும் போச்சு என்று ராமாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

செல்வப்பிரியா கைக்கரியைத் துடைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, அவிய ஊடு பாக்க நாம என்னிக்கு வரலாம்னு கேளுங்க."