பூவுக்கும் ஒரு கட்டைவிரல்

விடுதியின் சலவைக்கூடத்தில் மேனேஜருக்கு வைத்திருந்த பெயர் கட்டைவிரல். வாட்ஸ்அப் குழுவில் அவர் எதை அனுப்பினாலும் எல்லோரும் உடனே கட்டைவிரல் படம் போட்டாக வேண்டும். போடாதவர்களுக்கு போன் வரும். "மெசேஜ் பாக்கலையா? தூக்கமா?" என்பார். துண்டு குறைகிறது என்றாலும் கட்டைவிரல். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கும் கட்டைவிரல். பூவுக்கு எதற்கய்யா கையெழுத்து என்று கேட்க ஒருவருக்கும் வாயில்லை.

மேற்பார்வை பார்த்த அக்காவுக்கு வாய் உண்டு. வேலை போய்விடுமே என்று அதை மூடிக்கொண்டு விரலை மட்டும் நீட்டினாள். சோற்றில் கை வைத்தபடி போட்டாள், பாதித் தூக்கத்தில் எழுந்து போட்டாள். மெசேஜைப் படிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். திரை மினுங்கினால் விரல் தானாகப் போய் அழுத்தும்.

அன்று மதியமும் ஈர விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த எல்லாவற்றுக்கும் மளமளவென்று அழுத்தித் தள்ளினாள். அதில் ஒன்று, தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த தங்கை அனுப்பியது.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அதைப் படித்தாள். 'அக்கா, ஆஸ்பத்திரில இருக்கேன். குழந்தைக்குத் துடிப்பு இல்லையாம். பயமா இருக்கு, வர்றியா?' கீழே அவள் போட்ட கட்டைவிரல், கொழுகொழுவென்று.

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஆட்டோ பிடித்து ஓடினாள். அறை வாசலில் தங்கையின் புருஷன் நின்றிருந்தான்.

"நீங்க விரல் போட்டுட்டீங்கன்னு வாசலையே பாத்துட்டிருந்தா. அக்கா வராம பிரசவ ரூமுக்குள்ள போகமாட்டேன்னு ஒரே அடம். அப்புறம் தனியாத்தான் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாம் முடிஞ்சுது."

தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"படிக்காமப் போட்டுட்டேன்டி. சத்தியமா."

"தெரியும். அந்தாளு அனுப்புற பூவுக்கும் எனக்கும் ஒரே விரல்தானே? அதான் வயிறு எரியுது."

பைக்குள் போன் அலறியது, மேனேஜர்தான். அக்காவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. எடுத்தாள்.

"நாளைக்கு சீக்கிரம் வரணும்னு போட்டிருந்தேன். எல்லாரும் போட்டாச்சு. உங்களது மட்டும் காணோம். மெசேஜ் பாக்கலையா?"

"பாக்கல. இனிமே பாக்கவும் மாட்டேன். நாளைக்கு வரமாட்டேன். என் தங்கச்சி பக்கத்துல இருக்கேன். உங்க பூவை நீங்களே வெச்சுக்குங்க. போனை வைய்யா!"

போனை அணைத்துப் பைக்குள் எறிந்தாள்.

தங்கை திரும்பவில்லை.

"இதை மத்தியானம் சொல்லியிருக்கணும்" என்றாள்.